ரத்தம் கசியும் புண்: ஆபத்தை முன்னறிவது எப்படி?

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உண்டான புண் ஆழமாகி, அடியிலுள்ள ரத்தக்குழாயை அரித்துவிடும்போது, சிலர் ரத்த வாந்தி எடுக்கின்றனர். வேறு சிலருக்கு, ரத்தம் குடலில் செரிமானத்துக்கு உள்ளாகி இறங்குவதால், மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்துடன் கழிகிறது. பெரும்பாலோருக்கு இக்கசிவு தானாகவே நின்றுவிடும் என்பதால், யாருக்கு அது நிற்காது, யாருக்கு நின்ற பின்னும் மீண்டும் பீறிடும் என்பதை முதல் சில மணி நேரத்திலேயே கணிப்பது மருத்துவரின் தலையாய பணியாகிறது.

இக்கணிப்பில் எளிதில் ஏமாற்றக்கூடியது ஹீமோகுளோபின் அளவு. ரத்தம் வெளியேறும்போது சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் சேர்ந்தே குறைவதால், இழப்பு பெரிதாக இருப்பினும் முதல் பரிசோதனையில் அந்த அளவு ஏறத்தாழ இயல்பாகவே காணப்படலாம்; திசுக்களிலிருந்து நீர் ரத்தக்குழாய்களுக்குள் வந்து சேர்ந்த பிறகே உண்மையான சரிவு புலப்படும். யூரியாவின் போக்கு வேறு. குடலில் இறங்கிய ரத்தத்தின் புரதம் செரித்து உறிஞ்சப்படுவதாலும், சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைவதாலும் அது உயர்கிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் உருவான கிளாஸ்கோ–பிளாட்ச்ஃபோர்டு மதிப்பீடு, யூரியாவுக்கும் ஹீமோகுளோபினுக்கும் சமமாக 6 புள்ளிகள் வரை ஒதுக்கி, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கருமலம், மயக்கம், கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் 23 புள்ளிகளுக்குக் கணக்கிடுகிறது. 0 அல்லது 1 மட்டுமே பெறுபவரை மருத்துவமனையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகவே கவனிக்கலாம் என இன்றைய வழிகாட்டுதல்கள் கூறுவது, படுக்கைகள் போதாத மருத்துவமனைகளுக்கு மிகப் பெரிய உதவியாகும்.

மற்றவர்களுக்குப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்யப்படுகிறது. புண்ணின் தோற்றத்தைக் கொண்டு ஆபத்தை வகுக்கும் முறையை எடின்பரோவின் ஃபாரஸ்ட் 1974இல் முன்வைத்தார். அடிப்பகுதி தூய்மையாக உள்ள புண்ணில் மறுகசிவு சுமார் 5 விழுக்காட்டினருக்கே ஏற்படுகிறது. ரத்தக்குழாய் வெளியே துருத்தித் தெரியுமானால், சிகிச்சையின்றி விடும்போது அது 40 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

ஆயினும் உயிரிழப்பைத் தீர்மானிப்பது புண் மட்டுமன்று. 1993 முதல் 2005 வரை ஹாங்காங்கில் 10,000க்கும் மேற்பட்ட கசிவு நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, இறந்தோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ரத்தக் கசிவால் அல்லாமல், பல உறுப்புகளின் செயலிழப்பு, நுரையீரல் பாதிப்பு, முற்றிய புற்றுநோய் போன்றவற்றால் இறந்தது தெரியவந்தது. 1996இல் பிரிட்டனில் வெளியான ராக்கால் மதிப்பீடு வயதுக்கும் உடனிருக்கும் நோய்களுக்கும் கணிசமான புள்ளிகளைத் தருவது இதனால் பொருத்தமே.

நோயாளி உண்ணும் மாத்திரைகளின் விவரமும் இக்கணிப்பில் இன்றியமையாதது. வலிநிவாரணிகளும் ஆஸ்பிரினும் புண்ணுக்கே காரணமாகலாம். இதய நோய்க்காகவும் ரத்த அழுத்தத்துக்காகவும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளோ நாடித்துடிப்பை உயரவிடாமல் தடுத்து, பெருமளவு ரத்தம் இழந்தவரையும் குறைந்த ஆபத்துள்ளவராகக் காட்டிவிடக்கூடும்.