மரப்பாச்சிக்குத் துணை தேடி மயிலாப்பூருக்கு

உங்கள் வீட்டு அலமாரி மேலே பழைய மரப்பாச்சி ஏதும் கிடக்கிறதா? கிடந்தால் அதை முதலில் கீழே இறக்கி, தூசி தட்டி வைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

எனக்குப் பொம்மை சேர்க்கும் பைத்தியம் உண்டு. தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் டீச்சருக்கு இந்த வயதில் பொம்மை எதற்கு என்று கேட்காதவர் இல்லை. பாத்தேக் கட்டிய மலாய்ப் பொம்மை, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு அடங்கும் ரஷ்யப் பொம்மை, தலையாட்டும் தஞ்சாவூர்ப் பொம்மை என்று வகுப்பறை அலமாரியில் இரண்டு தட்டு நிறைந்துவிட்டது. ஆனால் இவை அத்தனைக்கும் மூத்தது வீட்டில் அம்மாவின் சாமி மாடத்தில் நிற்கிறது. ஒரு சாண் உயரம். கறுத்த சிவப்பு மரம். மூக்கு தேய்ந்துபோன ஆண் மரப்பாச்சி.

அது கப்பலேறி வந்த கதையைக் கேளுங்கள். என் பாட்டி 1937-இல், எட்டு வயதில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கு வந்தார். வட ஆற்காட்டுப் பக்கம் அவர்கள் ஊர். திருப்பதி போய் மொட்டை போட்டு வந்தபோது வாங்கிய ஜோடி மரப்பாச்சியை டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தாராம். ஜப்பான்காரன் காலத்துத் துணிப் பஞ்சத்தில் மனிதருக்கே உடுத்த இல்லாதபோது, அந்த ஜோடி வாழைநார் கட்டிக்கொண்டு நின்றது என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஜோடி பிரிந்தது 2001-இல். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்தோம். லாரியில் ஏற்றிய பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. பெண் மரப்பாச்சி அதில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நவராத்திரிக்கும் அம்மா, "அவரு மட்டும் தனியா நிக்கிறாரு, பாரு" என்பார். நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய அம்மா வேறு எதையும் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

ஆகவே 2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் சென்னைக்குப் போனேன். மரப்பாச்சியை எடுத்துப் போகவில்லை. அதன் உச்சி முதல் பாதம் வரை அளந்து ஒரு நூலை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலை ஒட்டி வடக்கு மாட வீதி. நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்த வீதியைப் பார்க்க வேண்டும்! நடைபாதை முழுக்கப் பொம்மைகள். தசாவதாரம் பத்தும் வரிசையாக நிற்க, பக்கத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள், கல்யாண ஊர்வலம், அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு தொந்தியும் சிரிப்புமாகச் செட்டியாரும் ஆச்சியும். கால் வைக்க இடமில்லை. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி என்று பல ஊர்ச் சரக்கு. மண்பொம்மை என்றால் அச்சில் எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, அப்புறம் வர்ணம். காகிதக் கூழில் செய்தவை இலேசாக இருக்கும்; விமானத்தில் கொண்டுவர அதுதான் தோது. ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி மரப் பொம்மையும் அப்படித்தான், கையில் வைத்தால் கனமே தெரியாது.

நான் தேடிப் போனது வீதியில் இல்லை. பொம்மை மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடையில், கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய மரப்பாச்சிகள் இருந்தன. விரல் அளவு முதல் முழ உயரம் வரை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நூலை எடுத்து நீட்டினேன்.

"ஐயா, இந்த உயரத்துல ஒரு பொண்ணு மட்டும் வேணும்."

அவர் நூலை வாங்கவில்லை. "ஒத்தையா குடுக்கிற வழக்கம் இல்லீங்கம்மா. சீர்ல வைக்கிற பொருள். ஜோடியாத்தான் குடுப்போம்."

கதை முழுவதையும் சொன்னேன். அலுக்காமல் கேட்டார். ரஜூலா என்றதும், தம் சித்தப்பா ஒருவரும் அதில்தான் மலாயாவுக்குப் போனார் என்றார். பிறகு நூலை வாங்கி, ஒவ்வொரு பொம்மையாக அளந்து பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வந்த வாடிக்கையாளர்களைக்கூட நிற்க வைத்துவிட்டார்.

அளவில் ஒன்று அகப்பட்டது. ஆனால் நிறம்? என் மனத்தில் இருந்த அந்தக் கறுத்த சிவப்பு அதில் இல்லை. கேட்டேன். ஒரு துணியை நனைத்துப் பொம்மையின் முதுகில் தேய்த்துக் காட்டினார். துணியில் சிவப்பு ஒட்டியது.

"சாயம்மா. வேற மரம். உங்க பாட்டி வச்சிருந்தது செம்மரம். தண்ணியில போட்டா முழுகும், அவ்வளவு கனம். இப்போ செம்மரம்னு யாராவது சொல்லி வித்தா வாங்கிடாதீங்க. ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க."

அவர் சொன்னது உண்மை. செம்மரம் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இயற்கையாக வளர்வது. கள்ளத்தனமாக வெட்டிக் கடத்தியே காட்டை அழித்துவிட்டார்கள். 1995 முதல் அது அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. ஒரு காலத்தில் ஏழை வீட்டுக் குழந்தை வாயில் வைத்துக் கடித்து விளையாடிய மரம் இது! இன்று சாயம் பூசியதைக் குழந்தை கையில் கொடுக்குமுன் நாமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் அந்த ஈரத்துணிச் சோதனையைச் செய்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் பிள்ளையை விட்டுவிட்டு வரவும் மனமில்லை, பொய்த் துணையைக் கொண்டுபோய் அம்மாவின் முன் நிறுத்தவும் மனமில்லை. கடைசியில் ஜோடியாகவே வாங்கினேன். 850 ரூபாய், நம் கணக்கில் ஏறக்குறைய 40 வெள்ளி. பெரியவர் பழைய செய்தித்தாளில் இரண்டையும் சேர்த்துச் சுற்றி, அந்த நூலாலேயே கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. புதுப் பெண்ணைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டினார். ஏமாற்ற முடியுமா அவரை?

"இது அவ இல்ல" என்றார்.

"ஆமாம்மா. மரமே வேற."

மாடத்தின் நடுவில் பழைய மரப்பாச்சியை வைத்தார். புது ஜோடியை அதன் பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஒன்றாக நிறுத்தினார். பெண்ணைப் பழையவருக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"என்னம்மா, பிரிச்சு வைக்கலையா?"

"எதுக்குப் பிரிக்கணும்? புருசன் பெண்டாட்டியா வந்திருக்காங்க. இவருக்குப் பேரப் பிள்ளைங்கன்னு வச்சுக்கோ."

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்புகையில், என் பழைய சேலை ஒன்றின் முந்தானை ஓரத்தை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். கத்தரிக்கோல் ஏற்கெனவே கையில் இருந்தது.