எல்லை தாண்டிய கைகள் – 7: ஆள் போனது, கூலி ஏறவில்லை

1964 டிசம்பர் 31. மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அழைத்து வந்த ‘பிரசெரோ’ திட்டத்தை அன்றோடு அமெரிக்கா மூடியது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 1942இல் தொடங்கிய ஏற்பாடு அது. போர் முடிந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியும் பண்ணையார்கள் அதை விடவில்லை. அதற்குள் கையெழுத்தான ஒப்பந்தங்கள் சுமார் 46 லட்சம். ஒரே ஆள் பல பருவங்களுக்கு வந்து போனதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

மூடச் சொன்னவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. வெளியாள் மலிவாகக் கிடைக்கும்வரை உள்ளூர் ஆளுக்கு எந்த முதலாளி கூலியை உயர்த்துவார் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. 1963 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சுவாலாரில், வண்டியில் பெஞ்சு போட்டு வயலிலிருந்து ஏற்றி வரப்பட்ட பிரசெரோ தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் மோதி 32 பேர் இறந்தார்கள். திட்டத்துக்குப் பரிந்து பேசுவது அதன் பிறகு இன்னும் கடினமானது.

பயிர் வயலிலேயே அழுகப் போகிறது என்று பண்ணையார்கள் அலறினார்கள். தொழிலாளர் துறைச் செயலர் வில்லார்ட் விர்ட்ஸ், 1965 கோடை விடுமுறையில் பள்ளி விளையாட்டு வீரர்களை அறுவடைக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை அறிவித்தார். இலக்கு 20,000 மாணவர்கள். வயலில் இறங்கியவர்கள் 3,300 பேர் அளவில்தான். வெயிலும் குனிந்த முதுகும் தங்குமிடத்தின் லட்சணமும் பலரைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. அதே வயலில், அதே வெயிலில், அவர்களுக்கு முன்னால் வேலை செய்தவர்கள் 22 ஆண்டு தாக்குப்பிடித்திருந்தார்கள்.

சரி, உள்ளூர்க்காரர்களின் கூலி உயர்ந்ததா? மைக்கேல் கிளெமன்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் பழைய அரசுப் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து, 2018இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பிரசெரோக்கள் நிறைந்திருந்த மாநிலங்களையும், அவர்களே இல்லாத மாநிலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பண்ணைக் கூலி இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் நகர்ந்திருந்தது. பருவத்துக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை வெளியேற்றியும், உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலையும் கூடவில்லை, காசும் கூடவில்லை.

காரணம் தக்காளி வயலில் கிடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜாக் ஹன்னா என்ற ஆய்வாளர், ஒரே சமயத்தில் பழுக்கிற, இயந்திரத்தின் பிடியில் நசுங்காத தக்காளி ரகத்தை 1940களிலிருந்தே தேடிக்கொண்டிருந்தார். அதைப் பறிக்கும் இயந்திரத்தைப் பொறியாளர் கோபி லோரென்சன் வடிவமைத்தார். 1960களின் தொடக்கத்தில் இரண்டும் தயார். ஆனால் கைக்கூலி மலிவாக இருந்தவரை வாங்குவோர் சொற்பம். ஒப்பந்தக் கூலிகள் நின்றதும் நிலைமை தலைகீழானது. சில ஆண்டுகளிலேயே சாஸ் ஆலைகளுக்குப் போகும் கலிபோர்னியத் தக்காளி அநேகமாக முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறிவிட்டது. இயந்திரம் எட்டாத பயிர்களில் சாகுபடியே சுருங்கியது. இன்னொரு பக்கம், ஒப்பந்தமே இல்லாமல் எல்லை தாண்டி வருவோர் தொகையும் ஏறத் தொடங்கியது.

பண்ணையாருக்கு இத்தனை வழிகள் இருந்தன. தொழிலாளிக்கு? தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்ச ஊதியம் தந்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் பண்ணைத் தொழிலாளர்களை வேண்டுமென்றே வெளியே நிறுத்தியிருந்தன. பிரசெரோவின் நிலை இன்னும் மோசம்: ஒப்பந்தம் போட்ட முதலாளியை விட்டு வேறிடம் போக முடியாது, முறையிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வளைகுடாவில் ‘கஃபீல்’ எனப்படும் பொறுப்பாளி முதலாளியின் கீழ் வேலை பார்த்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரனின் கூலியை அழுத்தியது மெக்சிகோக்காரனின் வருகை என்பதைவிட, அவனது வாயைக் கட்டிய ஒப்பந்தம் என்பதே சரி.

1965 வசந்தத்தில் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் நடந்தது இதற்குச் சாட்சி. திட்டம் முடிந்த பிறகும் சிறப்பு அனுமதியில் சில பிரசெரோக்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மணிக்கு 1.40 டாலர் தர வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. திராட்சை பறித்த உள்ளூர்ப் பிலிப்பினோ தொழிலாளர்களுக்கோ பண்ணையார்கள் நீட்டியது 1.25 டாலர். ஆக, அரசு கணக்குக் கேட்ட இடத்தில் வெளியாளுக்குக் கூடுதல், கேட்காத இடத்தில் ஊர்க்காரனுக்குக் குறைவு. பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினார்கள். பத்தே நாளில் 1.40 கிடைத்தது.

அந்தத் தெம்பில் செப்டம்பர் 8 அன்று அதே மாநிலத்தின் டெலானோவில் பிலிப்பினோ தொழிற்சங்கத் தலைவர் லாரி இட்லியாங் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. அடுத்த வாரமே இன்னொரு சங்கத் தலைவரான சீசர் சாவேசின் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வேலைநிறுத்தங்களை உடைத்துப் பழகிய முதலாளிகள் எதிர்பாராதது இது. நாடு முழுக்கத் திராட்சை புறக்கணிப்பு பரவி, ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970 ஜூலையில் டெலானோ பண்ணையார்கள் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1975இல் கலிபோர்னியா தன் பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமையைச் சட்டமாக்கியது. 1935ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்தில் அந்த விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

திட்டத்தின் முதல் ஆண்டுகளில் பிரசெரோக்களின் கூலியிலிருந்து ‘சேமிப்பு’ என்று பிடித்த 10 சதவீதம் என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)