மைக்ரோவோல்ட்டில் ஒரு கிலோ

தீவன ஆலையில் மூன்று கால்களில் நிற்கும், தீவனம் கொட்டிவைக்கும் ஒரு ஹாப்பர். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓர் எஃகுத் துண்டு இருக்கும். அதுதான் லோட் செல். பாரம் ஏறும்போது எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவில் நெளிகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகளும் சேர்ந்து நீள்கின்றன, அவற்றின் மின்தடை மாறுகிறது. இழுபடும் கம்பியின் தடை மாறும் என்பதை கெல்வின் 1856இல் கண்டறிந்தார். ஒட்டக்கூடிய இழையாக அதை 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே உருவாக்கினார்கள்.

கிடைக்கும் சமிக்ஞை மிகச் சிறியது. தலா 1,000 கிலோ தாங்கும் மூன்று செல்கள், செல்லின் உணர்திறன் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட், ஊட்டும் மின்னழுத்தம் 4.85 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 3,000 கிலோ ஏறினாலும் வருவது 9.7 மில்லிவோல்ட்தான். ஒரு கிலோவுக்குச் சுமார் 3.2 மைக்ரோவோல்ட்! இதைப் படிக்கத்தான் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சிக்கு அருகில் தனி எடை மாட்யூல் வைக்கிறார்கள். சீமென்ஸின் எஸ்7-1200 பிஎல்சியோடு இணையும் சிவாரெக்ஸ் டபிள்யூபி231 அப்படி ஒன்று.

மாட்யூலுக்குத் தெரிவது மின்னழுத்தம் மட்டுமே. எது பூஜ்யம், எது 500 கிலோ என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அளவுதிருத்தக் கட்டளையை அது ஏற்காது. பிறகு உச்ச எடை, வைக்கப்போகும் படிக்கல்லின் எடை ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். ஹாப்பர் காலியாக இருக்கும்போது பூஜ்யக் கட்டளை, படிக்கல் ஏற்றிய பின் அடுத்த கட்டளை. இவ்வளவுதான்.

ஆனால் கவனம் தேவைப்படும் இடம் இதற்குப் பிறகே வருகிறது. இந்த விவரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக மாட்யூலுக்கும் பிஎல்சிக்கும் இடையே போய்வருகின்றன. அளவுதிருத்தம் முடிந்ததும் மாட்யூலிலிருந்து அந்தத் தொகுப்பைத் திரும்பப் படித்து வைக்காமல், பிறகு ஏதோ ஒரு சிறு மாற்றத்துக்காக பிஎல்சியில் கிடக்கும் பழைய தொகுப்பை அனுப்பினால், புதிய அளவுதிருத்தம் அழிந்துவிடும். திரையில் எண் தெரியும். அது தவறான எண். படித்துவிட்டு மாற்று, மாற்றிவிட்டு எழுது என்ற ஒழுங்கை நான் வேறெந்த நுணுக்கத்தையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

படிக்கல்லில் சிக்கனம் பார்ப்பதும் தப்பு. 50 கிலோவை வைத்து அளவுதிருத்தி 1,200 கிலோவை நிறுத்தால், அந்த ஐம்பதில் நேர்ந்த பிழை 24 மடங்காகும். திருத்தத்தைக் கருவி நிற்கும் இடத்திலேயே செய்ய வேண்டும். லோட் செல் உணர்வது விசையை. புவியீர்ப்பு முடுக்கமோ நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83. ஆயிரம் கிலோவில் இது ஏறக்குறைய ஐந்து கிலோ வித்தியாசம். ஹாப்பரோடு விறைப்பான குழாய் ஒன்று இணைந்து பாரத்தில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தால், எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. குழாயில் நெகிழ்வான இணைப்பு போடத்தான் வேண்டும்.

கடைசியில், சமிக்ஞையின் துள்ளலை அடக்கும் வடிகட்டி. மோட்டார் அதிர்வால் எண் துள்ளுகிறதென்று அதைக் கூட்டினால் எண் அடங்கும், ஆனால் தாமதமாக வரும். மூட்டை நிரப்பும் இடத்தில் அந்தத் தாமதத்துக்குள் கூடுதல் தீவனம் விழுந்துவிடும். வாயில் மூடிய பிறகும் காற்றில் விழுந்துகொண்டிருக்கும் சரக்கு வேறு இருக்கிறது. அதனால் குறித்த எடைக்குச் சற்று முன்பே வாயிலை மூடும்படி பிஎல்சியில் எழுதி, சில மூட்டைகளை நிறுத்துப் பார்த்து அந்த முன்கூட்டிய அளவைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.