காரணம் தெரியாமல் ஏறும் எடையும் மெடிக்கலில் வாங்கும் ‘செட்’ மாத்திரையும்

“சாப்பாடு கூடவில்லை, வேலை குறையவில்லை, உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போகிறது” என்று சொல்கிற பெண்களைத் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் அடிக்கடி பார்க்கிறோம். இவர்கள் செய்வதெல்லாம் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் கொள்ளு ரசம். பிறகு ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று தைராய்டு பரிசோதனை. அதிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், “உடம்புவாகு” என்று விட்டுவிடுகிறார்கள். மூட்டு வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. வைத்தியம் பார்க்கிறவர்களில் பலரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு அன்றைக்கே வழி தெரிந்திருக்கும்.

எடை கூடுகிற எல்லோருக்கும் மர்மமான காரணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 31 சதவீதம். மூன்று வேளையும் அரிசி, நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் என்று வாழ்க்கை மாறியதற்கு உடம்பு கொடுக்கும் விலை இது. ஆனால் அப்படி ஏறும் எடை கை, கால், இடுப்பு என்று உடம்பு முழுக்கப் பரவும். நான் எச்சரிக்க வருவது வேறு மாதிரி எடையைப் பற்றி.

இதில் முகம் வட்டமாக உப்பும், கன்னம் சிவக்கும். பிடரிக்குக் கீழே மெத்தென்று சதை திரளும். வயிறு பெருக்கும், ஆனால் கையும் காலும் மெலியும். அடிவயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறத்தில் அகலமான வரிகள் விழும். லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். களை எடுக்கக் குந்தியவர் தரையில் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. இல்லாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புதிதாக வந்து சேரும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தாலே, கொள்ளு ரசத்தை விட்டுவிட்டு வீட்டிலுள்ள மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்.

அந்தப் பொட்டலம் எப்படி வருகிறது? “மூட்டு வலிக்கு ஒரு செட் குடுங்க” என்று மெடிக்கலில் கேட்கிறார்கள். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு மடித்துத் தருகிறார். அட்டையை நறுக்கும்போதே மருந்தின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் காலாவதித் தேதியும் துண்டாகிப் போகின்றன. உள்ளே ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்றெரிச்சல் மாத்திரை, கூடவே மிகச் சிறியதாக ஒரு மாத்திரை. அந்தச் சின்ன மாத்திரை பல உறைகளில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுதான். அதைப் போட்டால் மறுநாள் காலையில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உற்சாகமாகவும் இருக்கும். “அந்தக் கடை மருந்துதான் கேட்கும்” என்று பேர் வாங்குவது இப்படித்தான். நடவுக் காலம் முழுவதும் தினமும் ஒரு செட் என்று தொடர்ந்தால், சம்பா கதிர் வருவதற்குள் முகம் உப்பிவிடும்.

சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் விற்கும் ‘மூலிகை’ மூட்டுவலிப் பொடியிலும், விலாசம் இல்லாத சூரணத்திலும் இதே ஸ்டீராய்டைக் கலக்கிறவர்கள் உண்டு. முறையாகப் படித்த சித்த மருத்துவரையும் உரிமத்தோடு தயாரான சித்த மருந்தையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டே நாளில் மூட்டு வலியை முழுசாக எடுக்கிற பெயரில்லாப் பொடியைத்தான் சந்தேகப்படச் சொல்கிறேன்.

இதுவரை படித்துவிட்டு யாராவது இன்றைக்கே அந்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டால், அது மாத்திரையைவிடப் பெரிய ஆபத்து. நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிறது. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று விட்டால் உடம்பில் கார்டிசால் அறவே இல்லாமல் போய், வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே கேடாகும். ஆகவே நிறுத்தாதீர்கள். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு விட்டுவிட வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். மீதியிருக்கும் மாத்திரை, பொடி, டானிக், தோலில் பூசும் களிம்பு உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கும்பகோணம் அரசு மருத்துவமனை என்று எது பக்கமோ அங்கே போய்ப் பொது மருத்துவப் பிரிவுக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். “எடை கூடிவிட்டது” என்று மட்டும் சொன்னால் உணவுக் கட்டுப்பாடு சொல்லி அனுப்பிவிடக்கூடும். “இத்தனை மாதமாகப் பெயர் தெரியாத மாத்திரை சாப்பிடுகிறேன், ஸ்டீராய்டு இருக்குமோ என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் கார்டிசால் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அன்றைய மாத்திரையை எப்போது போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்தால் கார்டிசால் கூடியவர் போலிருக்கும், ரத்தத்தில் அது அடிமட்டத்தில் இருக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனதற்கு இந்த முரண்பாடே சாட்சி. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஸ்டீராய்டு இல்லையென்றால் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோவுக்கும் தைராய்டே காரணம் என்று நம்பி, தானாகவே மாத்திரையைக் கூட்டிப் போடுகிறவர்கள் இதயத் துடிப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாதவிடாய் தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். மனநல மருந்துகள் சில, வலிப்பு மருந்துகள் சில, இன்சுலின், அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசி ஆகியவற்றாலும் எடை கூடலாம். இவற்றையும் நாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேட்க வேண்டும். ஒரே வாரத்தில் எடை ஏறி, காலை அழுத்தினால் குழி விழுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது கொழுப்பல்ல. இதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ பழுதாகி நீர் தேங்குகிறது. அன்றைக்கே போக வேண்டும். வயிறு மட்டும் பெருத்தால் ஸ்கேன் எடுக்காமல் தொப்பை என்று முடிவு கட்டாதீர்கள். சினைப்பைக் கட்டியைத் தொப்பை என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்த பெண்கள் உண்டு.

இனி, விற்றவரை என்ன செய்வது? ஸ்டீராய்டு மாத்திரைகள் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஹெச்’ பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். எல்லாக் கடைக்காரருக்கும் இது தெரியும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனாலும் கத்தரிக்கோல் மேசையில்தான் கிடக்கிறது. யாரும் எழுத்தில் புகார் கொடுப்பதில்லை என்பதே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வசதியான பதில். அந்த வசதியை நாம் கொடுக்க வேண்டாம்.

ரசீது கேளுங்கள். “அஞ்சு மாத்திரைக்கு பில்லா?” என்று சிரித்தால் சிரிக்கட்டும். ரசீது இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம், 1940இன் 26ஆம் பிரிவு, கடையில் வாங்கிய ஆங்கில மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கும் உரிமையை வாங்கிய எவருக்கும் தருகிறது. விண்ணப்பம் படிவம் 14-ஏ, கட்டணம் உண்டு, முடிவு படிவம் 14-பியில் கையெழுத்தோடு வரும். இப்படி ஓர் உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது.

மெடிக்கல் மீதான புகார் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உதவி இயக்குநருக்குப் போக வேண்டும். பெயரில்லாப் பொடி என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கு. ஸ்டீராய்டு சந்தேகம் என்று எழுதி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நகல் அனுப்புங்கள். விற்பனைக்கு வரும் சித்த மருந்தின் லேபிளில் உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். வைத்தியர் தன் நோயாளிக்குத் தானே செய்து தரும் மருந்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது; அந்த விலக்கைக் காட்டித்தான் பலர் தப்பிக்கிறார்கள். எனவே யார், எந்த இடத்தில், என்ன விலைக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று எழுதுங்கள். படிக்காமல் ஊசி போடுகிறவர் என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பதற்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019இன்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். நாட்கள் பல போயும் பதிலில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, எந்தத் தேதியில் மாதிரி எடுக்கப்பட்டது” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அங்கேயும் முதலில் கேட்பது ரசீதைத்தான். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். ஸ்டீராய்டால் ஊதிய உடம்பை இளைக்கவைக்க அந்த விளம்பரப் பொடியை வாங்காதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன், திடீரென்று நிறுத்தாதீர்கள். என்ன மாத்திரை, எத்தனை மாதமாக என்று ஒரு சீட்டில் எழுதிச் சுருக்குப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், அறுவை சிகிச்சைக்குப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். வாந்தி எடுத்து மயங்கி விழுந்தால், வீட்டில் இருப்பவர்கள் 108க்குக் கூப்பிட்டதும், வந்த மருத்துவப் பணியாளரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: “இவங்க ஸ்டீராய்டு சாப்பிட்டவங்க.”