மழை விடட்டும் என்று காத்திருந்தால்...

மழைக்காலம் வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் எந்தப் பயணமும் தள்ளிப் போய்விடும். "மழை விடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். எங்கள் கும்பகோணத்தில் ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரை விட்டு விட்டுப் பெய்யும். வருஷம் முழுக்கத் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. அது விடட்டும் என்று உட்கார்ந்திருந்தால், நாம் வாசற்படி தாண்டுவது பொங்கலுக்குத்தான்!

எனக்கு அப்படி உட்கார்ந்திருக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. எழுபத்தெட்டு வயதில் என் அம்மா மாயவரத்தில் தனியாக இருக்கிறாள். (1982-லேயே ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் வைத்தாயிற்று. இருந்தாலும் எங்கள் வாய்க்கு மாயவரம்தான் வரும்.) எங்களோடு வந்து இரு என்றால் கேட்கமாட்டாள். போய்ப் பார்க்கலாம் என்றால், இவருக்கு லீவு, மழைக்கு ஓய்வு, எனக்குக் கை வேலை ஒழிவது, இந்த மூன்றும் ஒரே நாளில் சேர வேண்டும். சேரவே சேராது. இரண்டு வருஷங்களுக்கு முன்னால், "நானே போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பினேன். காலையில் சமைத்து வைத்துவிட்டு எட்டரைக்குக் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

"இந்த மழையில தனியாவா? கூட ஒரு ஆள் இல்லாம?" என்றார் என் மாமியார்.

"ஆள் வந்தா அவங்களும்தானே நனையணும் அத்தை?" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம்தானே!

பாசஞ்சர் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், அப்பப்பா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் நனைந்துகொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் சம்பா வயல், பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. நம் சமையலறைக்கு வருகிற ஏ.டி.டி. ரக அரிசிகளெல்லாம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவைதான். நரசிங்கன்பேட்டையில் செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனை தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன்! அப்போதெல்லாம் மடியில் குழந்தை, காலடியில் பை, "தண்ணி எங்கே, டிக்கெட் எங்கே" என்று ஒரே அமர்க்களம். ஜன்னலுக்கு வெளியே ஊர் இருக்கிறது என்பதே தனியாகப் போகும்போதுதான் கண்ணில் படுகிறது.

ஒரு தடவை எதிர் சீட்டில் ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை கையை வெளியே நீட்டி மழையைப் பிடிக்கிறது. ஷட்டரை இறக்கினால் வீல் என்று அலறல்! திறந்தே வைத்ததில் குழந்தைக்குக் கை நனைந்தது, எனக்குத் தோளோடு புடவை நனைந்தது. பூக்காரம்மா ஒருத்தி தன் கூடை மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, "இதைப் போத்திக்குங்கக்கா, எம் பூ நனைஞ்சா ஒண்ணும் ஆவாது, நல்லாத்தான் இருக்கும்" என்று கொடுத்தாள். "மழைத் தண்ணி பட்டா சளி பிடிக்குமாக்கா?" என்று அந்தப் பெண் கவலைப்பட்டாள். சளி கிருமியால் வருவது, நாலு துளி மழையால் அல்ல. ஈரத்துணியோடு வெகுநேரம் வைத்திருக்காமல் துடைத்து, உலர்ந்த சட்டை மாற்றிவிட்டால் போதும் என்று எங்கள் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பொடிசு அதற்குள் என் மடிக்கே வந்துவிட்டது.

எல்லா நாளும் இப்படி இருக்குமா? போன கார்த்திகை முதல் தேதி மாயவரத்தில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் காற்றில் குடை தாமரைப்பூ மாதிரி மேல் பக்கமாக மலர்ந்துவிட்டது. ஒரு கம்பி முறிந்தது. அதைச் சரி செய்ய நின்ற இடத்தில் ஒரு கார் வந்து சேற்றை வாரி அடித்துவிட்டுப் போயிற்று. கூடவே செருப்பு வாரும் அறுந்தது. தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி வாரைக் குத்திக்கொண்டு நடந்தேன். மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் இருக்கிற சின்ன வெட்டுக்காயம் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் தொற்றிவிடும்.

முந்தின நாள் கடைமுகம். ஐப்பசி மாதம் முழுக்க எல்லாப் புண்ணிய நதிகளும் மாயவரத்துக் காவிரியில் வந்து கலப்பதாக ஐதீகம். அதன் கடைசி நாள்தான் கடைமுகம். "என்னைத் துலாக்கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போடி" என்று ஒரு மாதமாக அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து விடாத மழை. "வராதே" என்று அவளே போன் செய்துவிட்டாள். மறுநாள் முடவன் முழுக்கு. நடக்க முடியாத ஒருவர் தட்டுத்தடுமாறி மாயவரம் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவர் அழுது வேண்டியதால், கார்த்திகை முதல் தேதி குளித்தாலும் அதே பலன் உண்டு என்று ஈசன் அருளியதாகக் கதை.

சேற்றுப் புடவையும் ஊக்குச் செருப்புமாக நான் போய் நின்றதும் அம்மா, "நேத்து வந்திருந்தா அந்தக் கூட்டத்துல நான் இறங்கியிருக்கவே முடியாது. இதுதான் எனக்கேத்த நாள். நானும் இப்போ முடவிதானே!" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினாள். ஆட்டோவில் கூட்டிப் போனேன். படியெல்லாம் பாசி, ஆற்றிலும் வேகம். இறங்க வேண்டாம் என்று மேல்படியிலேயே உட்கார வைத்து, சொம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்து, காலில் ஊற்றினேன். "அடுத்த ஐப்பசிக்கு இருக்கேனோ என்னவோ" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஒடிந்த குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் போட்டாள். பாதி ரசத்தை டம்ளரிலேயே குடித்தேன்.

இப்போது என் பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடவை (நைலக்ஸ்தான் சீக்கிரம் காயும், பருத்தி நனைந்தால் காலோடு ஒட்டி நடக்கவிடாது), பழைய துண்டு, நாலைந்து ஊக்கு, போன் வைக்கப் பால் கவர் இருக்கும். போன் நனைந்தால் அரிசி டின்னில் போடச் சொல்வார்கள். வேண்டாம், அரிசித் தூசி உள்ளே போய்விடும். அணைத்துவிட்டு, துடைத்துக் காற்றாட வைத்தால் போதும். ஈரம் காயாமல் சார்ஜ் மட்டும் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கால்விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்தாலே சேற்றுப்புண் பாதி வராது. சர்க்கரை உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. தெருவில் மின்கம்பத்தையோ அதன் இழுவைக் கம்பியையோ தொடாமல் நடங்கள். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பெண்கள் உதவிக்கு 181, ரயில் விஷயத்துக்கு 139, வெள்ளம் புயல் என்றால் 1077, இந்த மூன்று எண்களையும் போனில் மட்டுமல்ல, ஒரு சீட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

ரெட் அலர்ட் என்று அறிவித்தால் மட்டும் கிளம்புவதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் டெல்டாவில் சாய்த்துப் போட்ட தென்னைகளைப் பார்த்தவர்கள் நாங்கள். மழை வேறு, புயல் வேறு.

திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் ஒரு காபி குடிப்பேன். எழுதவே சிரிப்பாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதுக்கு இப்போதுதான் தனியாக ஓட்டலில் உட்காரப் பழகியிருக்கிறேன். முதல் நாள் சர்வர், "ஒருத்தர்தானாம்மா?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒருத்திதான்" என்றேன். சூடாக இரண்டு போண்டாவும் காபியும் கொண்டுவந்து வைத்தார். வெளியே சோவென்று மழை. யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல் இரண்டு போண்டாவையும் நானே சாப்பிட்டேன்!

இப்போது மாமியாரே காலண்டரைப் பார்த்து, "உங்கம்மாவைப் பார்த்து நாளாச்சே" என்று ஞாபகப்படுத்துகிறார், ஒரு பாட்டிலில் வேப்பிலைக்கட்டியும் கொடுத்தனுப்புகிறார். குடையை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார் குடைக்காரர். சனிக்கிழமை மாயவரம்.