சீயக்காயும் ஷாம்பூ சரமும்

பரமனந்தல் வழியாக ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த பேருந்து செங்கத்தில் நின்றதும், தலையில் துண்டைச் சுற்றிய முதியவர் ஒருவர் அரை மூட்டைச் சீயக்காயை இறக்கி, மண்டிக் கடைத் தராசில் வைத்து, வியாபாரி சொன்ன விலையை மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு, அதே வீதியில் நாலு கடை தள்ளி, வாசலில் தோரணமாகத் தொங்கிய ஷாம்பூ பொட்டலங்களில் ஒரு சரத்தைக் கிழித்துத் தரச் சொன்னதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பெரியவரே, சீயக்காய்தான் உங்களிடமே இருக்கிறதே?" என்றேன்.

"பேத்தி கேட்டுச்சு சார். அதுல நுரை வரலையாம்" என்றார்.

அவர் முகத்தில் வருத்தமில்லை. குழந்தையின் ஆசையைத் தீர்த்துவைக்கும் திருப்தியே இருந்தது. அந்தத் திருப்தியை நான் குறை கூறமாட்டேன். ஏழையும் வாங்கும்படி ஷாம்பூவைச் சிறு உறையில் அடைக்கும் யுக்தி நம் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவரின் சிந்தையில் உதித்ததுதான். அது மலையேறியதில் ஆச்சரியமில்லை. அந்தப் பெரியவர் வீட்டுக் கூடத்தில் அதைப் பற்றி ஒரு பேச்சாவது நடந்திருக்குமா என்பதே என் மனத்தை அரித்தது.

மலைக்கும் செங்கத்துக்கும் உள்ள உறவு புராதனமானது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாத்து (இன்றைய செங்கத்து) மன்னன் நன்னனைப் பாடும்போது, அவனைக் காணப் போகும் கூத்தருக்கு மலைநாட்டுக் குடிகள் செய்யும் உபசாரத்தை விஸ்தாரமாக வர்ணிக்கிறது. இன்று மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று சொல்லும் ஐதீகத்தை 1909-இல் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய இனவியலாளர் தம் நூலில் பதிந்து வைத்தார். ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் கூடி வழக்குத் தீர்ப்பதும், பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுப்பதும் இவர்களுடைய சம்பிரதாயம்.

சந்தைப் பொருளை வீட்டுக்குள் விடுமுன் இப்படிக் கூடிப் பேசுகிற ஆமிஷ் என்றொரு கிறிஸ்தவ சமூகம் அமெரிக்காவில் உண்டு. 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்து, பின்னர் பென்சில்வேனியாவில் குடியேறிய இவர்கள், இன்றும் குதிரை வண்டியில் கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்குகிறார்கள். இவர்கள் யந்திரங்களை வெறுக்கிறார்கள் என்பது தவறான எண்ணம். ஒரு பொருள் குடும்பத்தையும் அயலாரையும் என்ன செய்யும் என்று சபையார் கூடி யோசித்த பிறகே அதை ஏற்பார்கள், அல்லது விலக்குவார்கள். தொலைபேசி வேண்டும், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம் என்று கருதி, வெளியே ஒரு கொட்டகையில் அதை வைத்துப் பலரும் பொதுவில் பயன்படுத்துகிற சபைகள் உண்டு.

கூடிப் பேசி முடிவு செய்யும் ஸ்தாபனம் ஜவ்வாது மலையிலும் இருக்கத்தான் இருந்தது. ஆனால் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-இல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும், அதே ஆண்டில் விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கிய ரேஷன் அரிசியும் மலையேறியபோது, எது எப்படி வரட்டும் என்று அந்த நாட்டாரை யாரும் கேட்கவில்லை. அரிசி பசியாற்றியது, அதை மறுப்பது பாவம். ஆயினும் தொலைக்காட்சி காட்டிய பண்டங்களுக்கெல்லாம் ரொக்கம் வேண்டும். சாமையும் புளியும் கடுக்காயும் தரும் ரொக்கமோ சொற்பம், அதற்கும் விலை வைப்பவன் கீழ்நாட்டு வியாபாரி. முன்பணம் நீட்டும் தரகனுக்குக் கதவு திறந்தது இந்த இடைவெளியில்தான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற இருபது தமிழர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். கூலியைச் சொல்லி அழைத்தால் அந்நிய மாநிலத்துக் காட்டுக்கும் புறப்பட்டுப் போக வேண்டிய நிலைமைக்கு ஒரு குடியானவன் வந்த கதையை, சந்தையின் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

மலை வீடுகளில் சாமைச் சோறு குறைந்ததற்கு இலவச அரிசி மட்டும் காரணமல்ல, இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். உமி நீங்கச் சாமையை உரலிலிட்டுக் குத்திப் புடைப்பதற்குள் தோள் இற்றுப்போகும். இப்போது ஜமுனாமரத்தூர்ப் பக்கம் யந்திரத்தில் உமி நீக்கிப் பொட்டலமிட்டு விற்க மகளிர் குழுக்கள் முன்வந்திருக்கின்றன. அங்கே, முறத்தைக் கீழே வைக்காமலே ஓர் அம்மாள் என்னிடம் சொன்னார்: "மிசின் வந்தப்புறம் வாரத்துல ரெண்டு நாள் சாமைச் சோறு ஆக்குறேன் சார். விலையையும் நாங்களே உக்காந்து பேசித்தான் வெச்சோம்."