வைப்பு நிதிக் கணக்கின் வயது

வேலையை விட்ட கையோடு பி.எஃப். பணத்தையும் எடுத்துவிட வேண்டும் என்பது, திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளைஞர் பலரிடையே ஒரு சம்பிரதாயமாகவே ஊறிவிட்டது. ஓரிடத்தில் இரண்டு வருஷம், மற்றோரிடத்தில் ஒன்றரை வருஷம் என்று உழைக்கும் அவர்கள், கம்பெனி மாறும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், அதுவரை சேர்ந்த தொகையைத் தங்கை கல்யாணத்துக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ செலவழித்துவிட்டு, புதிய இடத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். தம் பணத்தைத் தாம் எடுப்பதை ஆட்சேபிக்க யாருக்கும் பாத்தியதை இல்லை; ஆனால் அந்தப் பணத்தை வருமான வரிச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை அறியாமல் எடுப்பதால் விளையும் நஷ்டத்தை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

1952-ஆம் ஆண்டில் சட்டமாகிய வைப்பு நிதித் (பி.எஃப்.) திட்டத்தில், தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவிகிதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். அவர் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. இவ்விதம் சேர்ந்த நிதியை எடுக்கும்போது சட்டம் முதலில் கேட்பது கணக்கின் வயதைத்தான். தொடர்ச்சியாக ஐந்து வருஷம் சேவை செய்தவர் எடுத்தால் வரி கிடையாது. அதற்குள் எடுத்தால், முதலாளி செலுத்திய பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகவும், தொழிலாளியின் பங்குக்குச் சேர்ந்த வட்டி இதர வருமானமாகவும் கருதப்படுவதோடு, முன்பு இந்தச் சேமிப்பைக் காட்டி வரிச் சலுகை பெற்றிருந்தால் அதுவும் திரும்பக் கணக்கிடப்படுகிறது.

தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வைப்பு நிதி அலுவலகமே 10 சதவிகிதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும்; பான் எண்ணை இணைக்காதவருக்கு இது 20 சதவிகிதம். 50,000-க்குக் குறைந்தால் வரியே இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது பிசகு, அங்கே பிடித்தம் இல்லையே ஒழிய வரி இல்லை என்பதல்ல. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அவ்வாறே உறுதிமொழிப் படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். பிடித்துவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் பிரௌசிங் சென்டரில் யாரோ ஒருவர் நூறு இருநூறு வாங்கிக்கொண்டு நிரப்பித் தரும் படிவத்தைப் படித்துப் பாராமல் ஒப்புக்கொள்வது அபாயகரமானது. பொய் உறுதிமொழிக்கு உத்தரவாதி கையெழுத்திட்டவரேயன்றி நிரப்பியவர் அல்லர்.

ஐந்து வருஷ விதிக்கு விலக்குகளும் உண்டு. நோயினால் வேலை போனாலும், கம்பெனி மூடப்பட்டாலும், தொழிலாளியின் சக்திக்கு மீறிய வேறு காரணத்தால் வேலை இழந்தாலும் வரி இல்லை. ஆகையால், கணக்கில் வேலையை விட்ட காரணம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்பதை அலட்சியம் செய்யலாகாது. கம்பெனியை மூடிவிட்டு, அனைவரும் தாமாகவே விலகினார்கள் என்று எழுதிவிடும் நிர்வாகிகளும் இவ்வுலகில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இந்தச் சங்கடங்களுக்கெல்லாம் சுலபமான பரிகாரம், பணத்தை எடுக்காமல் புதிய கம்பெனியின் கணக்குக்கு மாற்றிக்கொள்வதுதான். மாற்றுவதற்கு வரி கிடையாது என்பதோடு, பழைய இடத்தில் செய்த சேவையும் புதிய சேவையோடு கூட்டப்படுவதால், இரண்டு வருஷமும் மூன்று வருஷமும் சேர்ந்து ஐந்தாகிவிடுகின்றன. ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து வருஷ சேவையும் இப்படியே சேரும். 2014 முதல் உறுப்பினருக்கு வழங்கப்படும் யு.ஏ.என். என்னும் ஒரே எண்ணின்கீழ், பெரும்பாலான கணக்குகளை இப்போது இணையத்திலேயே மாற்றலாம். கம்பெனிக்குக் கம்பெனி புது எண் வாங்கியவர்கள் முதலில் அவற்றை ஒன்றாக இணைக்கவேண்டும். எடுக்காமலும் மாற்றாமலும் அப்படியே விட்டுவைப்பதும் உசிதமன்று. வேலையை விட்டபின் ஏறும் வட்டி வரிக்கு உட்பட்டதே என்று பெங்களூர் வருமான வரித் தீர்ப்பாயம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

உறுப்பினர் இறந்தபின் குடும்பத்தாருக்கு வரும் தொகைக்கு வரி இல்லை. மரணச் சொத்து வரி 1985-லேயே ரத்தாகிவிட்டது. ஐந்து வருஷக் கணக்கும் இங்கே குறுக்கிடுவதில்லை. தகராறு எழுவது வரியிலன்று, பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் நியமனத்தில்தான். கல்யாணத்துக்கு முன் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக்கொடுத்த நியமனம், கல்யாணம் ஆனவுடன் விதிப்படி செல்லாததாகிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. புதிதாக எழுதாமலே காலமாகிவிட்டால், மாமியாரும் மருமகளும் ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு அலுவலகப் படிகளில் எதிரெதிராக நிற்க நேர்கிறது. நியமனமே இல்லாதபோது தொகை குடும்பத்தாருக்குச் சம பாகமாகப் பிரியும். ஆனால் மனைவி முதலிய வேறு உரியவர் இருக்கும்வரை, வயது வந்த மகனுக்கும், கணவன் உயிரோடிருக்கும் மகளுக்கும் அதில் பங்கில்லை. சொத்துரிமைச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது பெரும் ஆச்சரியமாக இருக்கும். இதோடு, பணியிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடும் உண்டு. இதற்குத் தொழிலாளி ஒரு பைசாவும் கட்டுவதில்லை என்பதாலோ என்னவோ, அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்ற ஞாபகமும் பலருக்கு வருவதில்லை.

முறையாகக் கொடுத்த மனுவை அலுவலகம் 20 நாட்களுக்குள் தீர்க்கவேண்டும் என்பது விதி. தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 12 சதவிகித வட்டியை ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. முதலில் வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். அதிலும் பலனில்லையானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வைப்பு நிதி உறுப்பினரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது.